இடைக்கால உத்தியோகத்தர்

தாட்சாயினி தன்னுடையதை ஒருநாளும் வேலை என்று சொன்னதில்லை. வேலை என்பது அவளுடைய கணவன் அருந்தவன் செய்வது. ஈஸ்டர்ன் கிரீக்கில் ஒரு பொதிக் களஞ்சியத்தில் அவன் ஷிப்ட் மேற்பார்வையாளன். பொதி தவறினால் ஏச்சு வாங்குவான், தவறாவிட்டாலும் ஏச்சு வாங்குவான். தாட்சாயினியினுடையது உத்தியோகம். அதுவும் அரசாங்க உத்தியோகம். கழுத்தில் அட்டை தொங்கும். குவேக்கர்ஸ் ஹில் நிலையத்தில் ரயிலுக்கு நிற்கும்போது அந்த அட்டையைச் சட்டைக்குள் விடாமல் வெளியே எடுத்துப் போட்டுக்கொள்வது அவள் வழக்கம். வெயிலுக்கு அது மின்னும்.

அவள் உத்தியோகம் பார்த்த இடத்தின் பெயர் பொது எச்சரிக்கைப் பலகைகள் ஆணையம். நாடு முழுவதும் அரசாங்கக் கட்டடங்களில் மாட்டப்படும் எச்சரிக்கைப் பலகைகள் எப்படி இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதுதான் அதன் பணி. ஈரத் தரையில் வழுக்கி விழும் மனிதனின் கால் எந்த அளவுக்கு உயரலாம், மின்னல் குறி வளைந்திருக்க வேண்டுமா, முறிந்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் பரமட்டாவில் நாலாம் மாடியில் கூடியிருந்து விவாதித்தார்கள். விழும் மனிதனுக்குத் தொப்பி வேண்டுமா என்ற கேள்வி மூன்று இயக்குநர்களைக் கண்டுவிட்டது, இன்னும் முடிவாகவில்லை. தாட்சாயினி முறைப்பாட்டுப் பிரிவில் இருந்தாள். பலகை விளங்கவில்லை என்று மக்கள் எழுதினால், அது விளங்கும்படியாகத்தான் இருக்கிறது என்று பணிவாகப் பதில் எழுதுவது அவள் கடமை. அதைப் பல வருடங்களாக ஒரு குறையும் இல்லாமல் செய்துவந்தாள்.

ஒரு மழைக்காலத்தில் அவளுடைய மேசைக்கு நேர் மேலே சீலிங் ஒழுகத் தொடங்கியது.

அவள் முறைப்பாடு எழுதினாள். முறைப்பாடு எழுதுவது எப்படி என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடுத்த கிழமை ஒருவர் வந்து, அவள் கதிரைக்குப் பக்கத்தில் 'கவனம், ஈரத் தரை' என்ற மஞ்சள் பலகையை விரித்து நிறுத்திவிட்டுப் போனார். ஆணையத்தின் சொந்த வடிவமைப்பு, தொப்பி இல்லாத மனிதன். ஒழுக்கு நிற்கவில்லை. அடுத்த மழைக்காலத்தில் இரண்டாம் முறை எழுதினாள். இன்னும் பெரிய பலகை வந்தது. இப்போது கதிரையை இழுப்பதற்கே இடமில்லை. முதல் பலகையைத் தாண்டும்போது கால் தடுக்கி, இரண்டாவது பலகையைப் பிடித்துக்கொண்டு அவள் விழாமல் தப்பியதும் உண்டு.

அந்த நேரம் பார்த்து ஆணையத்தின் இயக்குநர் மோனிகா, 'பாதுகாப்பான பணியிட வாரம்' தொடங்குகிறது என்று எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். நம்முடைய பணியிடத்தை மேலும் பாதுகாப்பாக்க உங்கள் யோசனைகளைத் தயங்காமல் சொல்லுங்கள் என்று அதன் கடைசி வரியில் இருந்தது. தாட்சாயினி தயங்கவில்லை. 'எனது மேசைக்கருகே உள்ள பலகை நனைந்துகொண்டிருக்கிறது. பலகைக்கு ஒரு குடை ஏற்பாடு செய்ய முடியுமா?' என்று எழுதி, எல்லோருக்கும் போகும் பொத்தானை அழுத்தினாள். தவறுதலாக அழுத்தினாளா என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். இல்லை, தெரிந்துதான் அழுத்தினாள். இரண்டு வருட ஈரம் அந்த விரலில் இருந்தது.

மோனிகாவை அந்தக் கேள்வி உறுத்தியிருக்காது. அதன் கீழே கன்பரா, பிரிஸ்பேன் கிளைகளிலிருந்து வந்து குவிந்த சிரிக்கும் முகக் குறிகள்தான் உறுத்தின.

மறுநாள் தாட்சாயினியின் கழுத்து அட்டை வாசற்கதவைத் திறக்க மறுத்தது. கண்ணியக் குறைவு, சக ஊழியரின் மனநிம்மதிக்குக் குந்தகம், ஆணையத்தின் முதன்மை உற்பத்தியை ஏளனம் செய்தமை என்று மூன்று குற்றங்களைச் சாட்டி, விசாரணை முடியும்வரை சம்பளத்தோடு வீட்டில் இருக்கும்படி வாசலிலேயே ஒரு கடிதம் கொடுத்தார்கள். மூன்றாவது குற்றத்தைப் படித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. வாசலில் நின்றபடியே சிரித்துவிட்டு, நிலையத்துக்கு நடந்துபோய், பெண்கள் கழிப்பறையில் நின்று அழுதாள்.

வீட்டில் அவள் சொல்லவில்லை. அடுத்த நாளும் விடிய எழும்பி, குசினியில் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, அட்டையையும் போட்டுக்கொண்டு ரயில் ஏறினாள். பரமட்டாவில் இறங்கவில்லை. சென்ட்ரல் நிலையம் வரை போய், அங்கே ஒரு வாங்கில் இருந்து புட்டைச் சாப்பிட்டு, திரும்பி வந்தாள். வழியில் வென்ட்வேர்த்வில்லில் ஏறும் பவளம் அன்ரி, "என்ன பிள்ளை, இண்டைக்கு வெள்ளெனத் திரும்பிறீர்?" என்று கேட்டபோது, "சிற்றியிலை மீற்றிங் அன்ரி" என்றாள். பவளம் அன்ரிக்குத் தெரிந்தால் வென்ட்வேர்த்வில் மளிகைக்கடைகளுக்கெல்லாம் தெரிந்த மாதிரி; பிறகு செய்தி தன் கால்களால் நடந்து மெல்பேர்ன் வரை போகும்.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது மகள் வினுஷா. பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள். தாயின் கைபேசி எங்கே நிற்கிறது என்று தன்னுடைய கைபேசியில் பார்க்கத் தெரிந்தவள். இரவுச் சாப்பாட்டின்போது நிமிர்ந்து பார்க்காமலே, "அம்மா, யுவர் ஃபோன் ஹாஸ் பீன் சிட்டிங் அட் சென்ட்ரல் ஆல் வீக். வாட்ஸ் கோயிங் ஆன்?" என்றாள்.

தாட்சாயினி எல்லாவற்றையும் சொன்னாள். அருந்தவன் கேட்டுக்கொண்டே இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். பிறகு, "சம்பளம் வருதே?" என்று கேட்டான்.

"வருது."

"வீட்டிலை இருக்கச் சொல்லியும் சம்பளம் தருகினம். உமக்கு இது தண்டனையாம். எங்கட களஞ்சியத்திலை எண்டால் பொதியோடை சேர்த்து உம்மையும் வெளியிலை வைச்சிருப்பாங்கள்."

"நான் ஒரு பிழையும் செய்யேல்லையப்பா. ஒழுகுது எண்டனான். அவ்வளவுதான்."

"ஒழுகுது எண்டு சொன்னதுக்கு இல்லைக் காணும். எல்லாரும் சிரிக்கச் சொன்னதுக்கு."

அது உண்மை என்று தெரிந்ததால் அவளுக்கு அவன் மேல் கோபம் வந்தது.

சில கிழமைகளில் அடுத்த கடிதம் வந்தது. குற்றங்கள் நிரூபணமாகிவிட்டன, வரும் வெள்ளிக்கிழமை பணிநீக்கம் பற்றி இறுதி முடிவெடுக்கப்படும் என்றது அது. விசாரணை எப்போது நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் இல்லாமலே சுமுகமாக நடந்து முடிந்திருக்கிறது.

பரமட்டாவில் ஒரு பற்சிகிச்சை நிலையத்துக்கு மேலே யாமினி என்ற வழக்கறிஞர் இருந்தார். பெற்றோர் கோயம்புத்தூர்க்காரர், அவர் வளர்ந்தது இங்கே. தமிழ் வேகமாகப் பேசுவார், தமிழைவிட வேகமாக யோசிப்பார். கடிதங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேடம், முழுக் கேஸுக்கு ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள உங்களைத் தூக்கிட்டா, அந்த நாற்காலியில வேற யாராவது உக்காந்திருப்பாங்க. அதனால முதல்ல இடைக்கால உத்தரவு கேக்கணும். வழக்கு முடியிற வரைக்கும் இவங்களைத் தூக்கக்கூடாதுன்னு" என்றார்.

"ஓம், அதைத்தான் செய்ய வேணும். நான் சரியெண்டு நீதவானுக்கு விளங்கப்படுத்தலாம். படம் எல்லாம் எடுத்து வைச்சிருக்கிறன்."

யாமினி பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க சரியா தப்பான்னு இப்ப யாரும் கேக்கப் போறதில்ல மேடம். ரெண்டே விஷயம்தான். விசாரிக்கத் தகுந்த கேள்வி ஒண்ணு இருக்கா? புகார் பண்ணினதுக்காகத்தான் உங்களைப் பழிவாங்குறாங்களாங்கிறது நல்ல கேள்வி, அது இருக்கு. அடுத்தது, உத்தரவு போட்டா அவங்களுக்கு என்ன கஷ்டம், போடலைன்னா உங்களுக்கு என்ன கஷ்டம். எந்தப் பக்கம் கஷ்டம் அதிகம்னு தராசுல வச்சுப் பாப்பாங்க."

"நியாயத்தை நிறுக்கிறேல்லையோ?"

"அது கடைசி விசாரணையில. நேரம் இருந்தா."

விண்ணப்பம் அவசரமாகப் போனது. வெள்ளிக்கிழமைக்கு முன்னரே விசாரணைக்கு எடுத்துக்கொள்வதாக நீதிமன்றம் அறிவித்தது. அதற்கு முதல் நாள், வீட்டுக்குள் இருக்க முடியாமல், தாட்சாயினி காரை எடுத்துக்கொண்டு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனாள். கிழமை நாள் என்பதால் கூட்டம் இல்லை. பெருமாளுக்கு முன்னால் ஒரே ஒருவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றார். அவர் கண் திறந்து திரும்பியபோது இருவரும் ஒருவரையொருவர் அடையாளம் கண்டார்கள். அவர் ஜெகதீஷ். ஆணையத்தின் மனிதவளப் பிரிவு அதிகாரி. அவளுடைய குற்றப்பத்திரம் அவர் கையெழுத்தோடுதான் வந்தது.

சந்நிதிக்கு முன்னால் சண்டை போட முடியாது. சுற்றிக் கும்பிடாமல் போகவும் முடியாது. இருவரும் பிரகாரத்தை ஒரே திசையில், பத்தடி இடைவெளி விட்டுச் சுற்றினார்கள். கூட்டம் இல்லாத நாள் என்று கன்டீனில் ஒரே மேசைதான் போட்டிருந்தார்கள்.

"மேடம், நீங்க தப்பா நினைக்கக்கூடாது" என்றார் ஜெகதீஷ், புளியோதரையைப் பார்த்தபடி. "நான் உங்களுக்கு எதிரா எதுவுமே எழுதலை. டெம்ப்ளேட்லதான் எழுதினேன். பேரை மட்டும்தான் மாத்தினேன்."

"என்ரை பேரைத்தானே மாத்திப் போட்டனீங்கள்?"

"ஆமா மேடம்." அவர் முகம் சிறுத்துப்போயிற்று. "இன்னைக்கு சிக் லீவ் போட்டுட்டு வந்தேன். நாளைக்கு கோர்ட்டுக்கு வரணும். நீங்க திரும்பி ஆபீசுக்கு வந்தா, கூட உக்காந்திருக்கிறவங்க மனநிம்மதி தாங்கமுடியாத அளவுக்குக் கெட்டுப்போகும்னு பிரமாணப் பத்திரம் குடுத்திருக்கேன்."

"கெட்டுப்போகுமோ?"

"எனக்குத் தெரியாது மேடம். அதுவும் டெம்ப்ளேட்ல இருந்துச்சு."

அவளுக்கு அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் புளியோதரையை வாயில் வைக்காமல் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "சாப்பிடுங்கோ, ஆறப்போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பினாள்.

மறுநாள் நீதிமன்றத்தில் அருந்தவன் லீவு போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் இருந்தான். தாட்சாயினி கறுப்புச் சட்டை போட்டுக் கழுத்து அட்டையையும் மாட்டியிருந்தாள். கழற்றும்படி யாமினி இரண்டு தரம் சொல்லியும் கேட்கவில்லை.

ஆணையத்தின் தரப்பில் மூன்று வழக்கறிஞர்கள் வந்திருந்தார்கள். ஒருவர் பேச, ஒருவர் தாள் எடுத்துக்கொடுக்க, ஒருவர் தலையாட்டினார். தாட்சாயினி திரும்பி வந்தால் நாலாம் மாடியின் நல்லிணக்கம் குலையும் என்றும், அவளோடு ஒரே கூரையின் கீழ் இருக்கச் சக ஊழியர்கள் அஞ்சுகிறார்கள் என்றும் முதலாமவர் உருக்கமாகச் சொன்னார். நீதிபதி வயதான பெண்மணி. மூக்குக் கண்ணாடியைத் தாழ்த்திக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தேநீர் இடைவேளைக்குச் சற்று முன், சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"இந்தச் சக ஊழியர்கள் இப்போது எங்கே அமர்ந்திருக்கிறார்கள்?"

முதலாமவர் இரண்டாமவரைப் பார்த்தார். இரண்டாமவர் ஜெகதீஷைப் பார்த்தார். ஜெகதீஷ் நிலத்தைப் பார்த்தார்.

"வீடுகளிலிருந்து பணியாற்றுகிறார்கள், மாண்பமை நீதிபதி அவர்களே."

"எல்லோருமா?"

"எல்லோரும்தான்."

"ஏன்?"

நெடுநேரம் தாள்கள் புரண்டன. கடைசியில் பதில் வந்தது. "நாலாம் மாடியின் சீலிங் போன மாதம் இடிந்து விழுந்துவிட்டது."

பின்வரிசையில் அருந்தவன் தன்னை அறியாமல் சத்தமாகச் சிரித்துவிட்டான். நீதிமன்றப் பணியாளர் அவனை முறைத்தார். நீதிபதி முறைக்கவில்லை; எதையோ குறித்துக்கொண்டார்.

மாலையில் உத்தரவு வந்தது. விசாரிக்கத் தகுந்த கேள்வி ஒன்று இருக்கிறது. ஆளில்லாத மாடியில் ஒருவர் அமர்வதால் எவருடைய நல்லிணக்கமும் குலைந்துவிடாது. ஆகவே இறுதி விசாரணை வரை தாட்சாயினியைப் பணிநீக்கம் செய்யக்கூடாது. அவளுடைய வழமையான பணியிடத்தில் வழமையான பணிக்கு அனுமதிக்க வேண்டும். தாட்சாயினி யாமினியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் சரியெண்டு சொல்லிட்டினம்" என்றாள். "இல்ல மேடம், கேள்வி சரின்னு சொல்லியிருக்காங்க" என்றார் யாமினி. ஆனாலும் அவருக்கும் முகம் மலர்ந்திருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததை அருந்தவன் களஞ்சியத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. வழமையான பணியிடம் என்றால் நாலாம் மாடி. நாலாம் மாடியில் சீலிங் இல்லை. சீலிங் இல்லாத இடத்தில் ஒரு ஊழியரை இருத்தினால் வேலைப் பாதுகாப்புச் சட்டம் பாயும். இருத்தாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. ஆணையத்தின் மூன்று வழக்கறிஞர்களும் கூடி ஆராய்ந்து, இதற்கு ஒரேயொரு வழிதான் உண்டு என்று எழுத்தில் ஆலோசனை சொன்னார்கள். சீலிங்கைத் திருத்துங்கள். இரண்டு வருடம் முறைப்பாட்டால் ஆகாத காரியம் ஒரு கிழமைக்குள் முடிந்தது. கூரை அடைக்கப்பட்டது, புதுக் கம்பளம் விரிக்கப்பட்டது, சுவருக்கு வெள்ளை அடித்தார்கள்.

அந்தப் பளபளக்கும் மாடியில் தாட்சாயினி தன்னந்தனியாக உத்தியோகத்துக்குப் போய்வந்தாள். மற்றவர்களுக்கு வீட்டிலிருந்து வேலை செய்வது பழகிவிட்டது, அவர்கள் திரும்பவில்லை. ஜன்னலோரக் கதிரை, மூலைக் கதிரை, மோனிகாவின் அறைக்கு வெளியே இருந்த பஞ்சுக் கதிரை என்று எல்லாம் காலியாகக் கிடந்தன. அவள் தன்னுடையதை விட்டு மாறவில்லை. வேலை என்று ஒன்றும் கொடுக்கப்படவில்லை. முறைப்பாடுகள் அவளிடம் வராமல் திருப்பப்பட்டன. முதல் மாதம் அவள் அட்டவணைகளை ஒழுங்குபடுத்தினாள். இரண்டாம் மாதம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். மூன்றாம் மாதம் ஒருநாள், முழு மாடிக்கும் கேட்கும்படி சத்தமாக, "இஞ்சை ஆரும் இருக்கிறியளோ?" என்று கேட்டுப் பார்த்தாள். தன் குரலே திரும்பி வந்தபோது வெட்கமாயிருந்தது. வேலையிலிருந்து நீக்கப்படாமல் இருப்பதும் வேலையில் இருப்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்கு அவளுக்கு விளங்கியது. வீட்டில் இதைச் சொன்னால் அருந்தவன் சிரிப்பான் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் அவன் அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, மத்தியான ஷிப்ட் இல்லாத நாட்களில் பரமட்டாவுக்கு வந்து, கீழே கோப்பிக் கடையில் அவளோடு இருந்து சாப்பிட்டுவிட்டுப் போகத் தொடங்கினான். கேட்டால், "இந்தப் பக்கம் ஒரு அலுவல் இருந்தது" என்பான்.

புதிய அட்டை வந்தது அந்த நாட்களில்தான். அதில் அவள் பெயருக்குக் கீழே 'இடைக்கால' என்று அச்சடித்திருந்தது. அவள் ஜெகதீஷுக்கு போன் எடுத்தாள்.

"என்ன ஜெகதீஷ் இது?"

"மேடம், கோர்ட் உத்தரவுல வந்தவங்களுக்குன்னு சிஸ்டத்துல ஒரு வகை இல்ல. நிரந்தரம்னு போட்டா மேலிடம் திட்டும். தற்காலிகம்னு போட்டா உங்க வக்கீல் விடமாட்டாங்க. மீதி இருந்தது இடைக்காலம் மட்டும்தான்."

அந்த ஒரு சொல்தான் ஆணையத்தின் விதியைப் புரட்டிப்போட்டது.

வருடக் கடைசியில் கன்பராவில் யாரோ, எச்சரிக்கைப் பலகைகளையும் வழிகாட்டிப் பலகைகளையும் இரண்டு ஆணையங்கள் பார்ப்பது வீண் என்று கண்டுபிடித்தார். இரண்டையும் ஒன்றாக்குவதற்கு ஆலோசகர்கள் அனுப்பப்பட்டார்கள். இளம் வயது, கூர்மையான சப்பாத்துகள், ஒவ்வொருவர் கையிலும் ஒரு மடிக்கணினி. நாலாம் மாடிக்கு வந்து பார்த்தால் இருப்பது ஒரேயொரு மனுஷி. கழுத்து அட்டையில் 'இடைக்கால' என்று இருக்கிறது. இடைக்கால என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு மாடி முழுக்க ஒருவர் இருந்தால் அவர் இடைக்கால இயக்குநராகத்தானே இருக்க வேண்டும்?

"நான் இயக்குநர் இல்லை. நான் முறைப்பாட்டுப் பிரிவு. வழக்கொண்டு நடக்குது, அதுவரைக்கும் இஞ்சை இருக்கிறன்" என்று அவள் ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் சொன்னாள்.

"விளங்குது. எல்லாருடைய பதவியும் இப்போது நிச்சயமில்லாததுதான்" என்று அனுதாபமாகத் தலையாட்டினார்கள். இந்த மாடியில் ஏதாவது சிக்கல் உண்டா என்று கேட்டார்கள். இப்போது ஒழுக்கு இல்லை, ஒரு சிக்கலும் இல்லை என்றாள். இயக்குநரின் அறைக்குள் யாராவது வருவதுண்டா என்று கேட்டார்கள். தான் திரும்பி வந்த நாளிலிருந்து யாரும் வந்ததில்லை என்றாள். இரண்டும் உண்மை. பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை.

அறிக்கையில், பரமட்டா அலுவலகம் ஓர் இடைக்கால அதிகாரியின் கீழ் மிகக் குறைந்த ஆளணியோடு சிக்கலின்றி இயங்குகிறது என்றும், ஆகவே நிரந்தர இயக்குநர் பதவி அவசியமற்றது என்றும் எழுதினார்கள். மோனிகாவின் பதவி ஒழிக்கப்பட்டது. தாட்சாயினியின் பதவியை ஒழிக்க முடியவில்லை. அதற்கு நீதிமன்ற உத்தரவு இருந்தது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் தாட்சாயினி மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மோனிகா. குரல் இறங்கியிருந்தது. சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில், "உங்களுடைய அந்த வழக்கறிஞர் நல்லவரா?" என்று கேட்டார்.

அருந்தவன் அடுப்படியில் நின்று கையால் சைகை காட்டினான். "குடுக்காதையும். கொஞ்சம் அலையட்டும்."

தாட்சாயினி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த மீனையும் ஆறுதலாக வெட்டினாள். அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்கு இனித்தது, அதை மறைப்பதற்கில்லை. பிறகு யாமினியின் இலக்கத்தைச் சொன்னாள். மோனிகா இன்னும் தாட்சாயினியின் வழக்கில் எதிர்த்தரப்பு என்பதால் யாமினி அவருடைய வழக்கை எடுக்க முடியாது என்று சொல்லி, வேறொருவரிடம் அனுப்பினார்.

மோனிகாவின் இடைக்கால உத்தரவு விண்ணப்பம் விசாரணைக்கு வந்த நாளில், தாட்சாயினி லீவு எடுத்துக்கொண்டு போய்ப் பின்வரிசையில் இருந்தாள். வேடிக்கை பார்க்கத்தான் போனாள். அதே மூன்று வழக்கறிஞர்கள், வேறொரு நீதிபதி. மோனிகா திரும்பி வந்தால் புதிய நிறுவனத்தின் நல்லிணக்கம் குலையும், சக ஊழியர்களின் மனநிம்மதி தாங்கமுடியாத அளவுக்குக் கெடும் என்று முதலாமவர் அதே உருக்கத்தோடு சொன்னார். ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்கக் கேட்கத் தாட்சாயினிக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு நெஞ்சு கொதித்தது. ஒரு மனுஷியைப் பற்றி இப்படிச் சொல்வதென்றால், குறைந்தபட்சம் அவளுக்கென்று புதிதாக எழுதியிருக்கலாமே!

மோனிகாவுக்கு உத்தரவு கிடைக்கவில்லை. ஒழிந்த பதவிக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பினால் அவர் எங்கே அமர்வது என்று நீதிபதி கேட்டார். வெளியே படிக்கட்டில் மோனிகா தாட்சாயினியைக் கண்டு நின்றார். மன்னிப்புக் கேட்பதற்கு வாயெடுத்தாரா, ஏசுவதற்கா என்று தெரியவில்லை. இரண்டுமில்லாமல், "அந்த மின்னஞ்சல் உண்மையிலேயே வேடிக்கையாகத்தான் இருந்தது" என்று சொல்லிவிட்டு டாக்ஸி பிடிக்கப் போனார்.

தாட்சாயினியின் சொந்த வழக்கு இறுதி விசாரணைக்கு வரவேயில்லை. புதிய நிறுவனத்துக்குப் பழைய நிறுவனத்தின் கோபங்கள் தேவைப்படவில்லை. குற்றச்சாட்டுகளை வாபஸ் வாங்குகிறோம், வழிகாட்டிப் பலகைப் பிரிவில் நிரந்தரப் பதவி தருகிறோம், வழக்கை நீங்களும் வாபஸ் வாங்குங்கள் என்றார்கள். யாமினி சந்தோஷமாகத் தாள்களை நீட்டினார். தாட்சாயினி பேனாவை எடுக்கவில்லை.

"அப்ப ஆர் சரி எண்டு ஆர் சொல்லுறது?"

"யாரும் சொல்ல மாட்டாங்க மேடம். அதான் இதுல இருக்கிற நல்ல விஷயம்."

"நான் நீதவான்ரை வாயாலை கேக்க வேணும் எண்டு நினைச்சனான். ஒருக்கா. நீ செய்தது பிழையில்லை எண்டு."

யாமினி கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டார். வழக்கமான வேகம் அவர் குரலில் இல்லை. "அதுக்கு இன்னும் ஒரு வருஷம் காத்திருக்கணும். காத்திருந்தாலும் அந்த வாக்கியம் வராது. 'விண்ணப்பதாரர் தன் தரப்பை நிறுவியுள்ளார்'னு வரும். அவ்வளவுதான். உங்களுக்கு வேணுங்கிற வாக்கியம் எந்தக் கோர்ட்லயும் இல்ல."

அவள் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

அடுத்த ஞாயிறு வென்ட்வேர்த்வில்லில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. மண்டபத்தில் தாட்சாயினி நுழைந்ததுமே பவளம் அன்ரி கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். செய்தி எப்போதோ தன் கால்களால் அங்கே நடந்து வந்துவிட்டிருந்தது. நடந்த வழியில் பெருத்தும் இருந்தது.

"பிள்ளை, நீர் பிரதமரிலையெல்லாம் கேஸ் போட்டனீராம். கன்பராவிலை இருந்து ஒரு பெரிய மனுசியை எழுப்பிக் கலைச்சனீராம்."

"அப்பிடி ஒண்டும் இல்லை அன்ரி. என்னை நிப்பாட்டப் பாத்தவை. நான் ஓடர் எடுத்தனான். இப்ப வேற பிரிவிலை போட்டிருக்கினம்."

பவளம் அன்ரியின் முகம் விழுந்துவிட்டது. "அவ்வளவுதானோ?" என்றார். பிறகு சுதாரித்துக்கொண்டு, பக்கத்து மேசைப் பக்கம் திரும்பி, "இஞ்சை பாருங்கோ, இவதான் அந்தப் பிள்ளை. அரசாங்கத்தையே கோட்டிலை நிறுத்தினவ" என்று குரலை உயர்த்தினார்.

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாட்சாயினி மறுத்துச் சொல்ல வாயைத் திறந்தாள். எதிரே அருந்தவன் ஒரு கட்லட்டை வாயில் வைத்தபடி, சொல்லாதையும் என்று கண்ணால் கெஞ்சினான். அவள் வாயை மூடிக்கொண்டு, முதுகை நிமிர்த்தி, பார்க்கிறவர்கள் ஆறுதலாகப் பார்க்கட்டும் என்று இருந்தாள்.